பெரட்டுக் களத்திலிருந்து நீதிமன்றம் வரை

தோட்டத்தில் ஒருவருக்கு வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. குடியிருக்கும் வீடும் சேர்ந்து போகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறுகிறது. பட்டணத்தில் வேலை இழந்தவன் அதே வாடகை வீட்டில் இருந்துகொண்டு வேறு வேலை தேடலாம். நம் லயத்து வீடோ கம்பெனி வீடு. வேலை இருக்கும் வரைக்கும்தான் அந்தக் கூரை.

அதனால்தான் நம் மக்கள் பலர் மனக்குறையை வாய் திறந்து சொல்வதில்லை. மண்டோர் தகாத வார்த்தை சொல்லி ஏசினார், செக்ரோலில் பேர் போடாமல் விட்டார், ஒதுக்குப்புற நிரையில் தனியாக வேலை செய்யும் பெண்ணிடம் சாடை பேசினார் என்று எத்தனையோ நடக்கின்றன. “நமக்கு எதுக்குங்க வம்பு, வயித்துப் பொழப்பு ஓடினா போதும்” என்று விழுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் விழுங்கிய குறை வயிற்றில் தங்குவதில்லை. ஒரு நாள் காலை பெரட்டுக் களத்தில் அது வெடிக்கிறது. கை ஓங்குகிறது. அன்றைக்கு, நேற்று வரை குறை சொல்ல வேண்டியவராக இருந்தவர் குற்றவாளியாகி நிற்கிறார்.

இதைத் தடுக்க வழி உண்டு. சட்டம் உண்டு, இலாகா உண்டு, நீதிமன்றமும் உண்டு. எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்பது தெரியாததுதான் நம் குறை. அந்த வழியை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

குறை சொன்னாலே குற்றமாக இருந்த காலம்

இன்றைய இளைஞர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட விரும்புகிறோம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள் என்பது பலருக்குத் தெரியும். வேறென்ன கேட்டார்கள் தெரியுமா? துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். கொடுமை செய்யும் துரைமாரை மாற்றச் சொன்னார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றும் கேட்டார்கள்.

பாருங்கள், கேட்டதில் பாதி காசு பற்றியது அல்ல. மனிதனை மனிதனாக நடத்துவது பற்றியது. அதற்குக் கிடைத்த பதில் என்ன? அவர்களுடைய தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் காலம் மாறியது. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் முதல் பொதுச் செயலாளரானார். 1955-இல் வேலைச் சட்டம் வந்தது. 1967-இல் தொழிலியல் உறவுச் சட்டமும் அதன் கீழ் தொழிலியல் நீதிமன்றமும் வந்தன. சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ சங்க வேலை செய்ததற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அந்த 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. நம் பாட்டன் பாட்டிமார் உயிரைக் கொடுத்துக் கேட்டது இன்று சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் யார் மேல் குற்றம்?

முதலில் எழுதி வையுங்கள்

வேலையிடத்தில் ஒருவர் தகாத முறையில் நடந்தால் முதல் வேலை, அன்றைக்கே எழுதி வைப்பது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நிரை, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று நாலு வரி போதும். பிள்ளையின் பள்ளி நோட்டில் எழுதினாலும் சரிதான். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து “எப்பவோ ஒரு நாளு ஏசினாருங்க” என்று சொன்னால் யார் நம்புவார்?

அடுத்து, தோட்டத்துச் சங்கக் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். அவரோடு ஆபிசுக்குப் போய்ப் புகாரை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். கொடுத்த கடிதத்தின் நகலில் ஆபிசில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சங்கமும் முதலாளிமார் தரப்பும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் இருக்கும் தோட்டமானால், அதில் சொல்லியபடி ஒவ்வொரு படியாக மேலே செல்லலாம்.

சம்பளப் பாக்கி, ஓவர்டைம், லீவுச் சம்பளம், நோட்டீசுச் சம்பளம் போன்றவை கிடைக்காவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். நம்மவர் வாயில் அது இன்னமும் ‘லேபர் ஆபிஸ்’தான். அங்கே அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார். இதைத்தான் தொழிலாளர் நீதிமன்றம் என்கிறோம். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

புகார் உங்கள் மேல் வந்தால்

இப்போது மறுபக்கம் பார்ப்போம். சண்டை போட்டீர்கள், குலை திருடினீர்கள், சொன்ன வேலையைச் செய்ய மறுத்தீர்கள் என்று உங்கள் மேலேயே புகார் வரலாம். அப்போது நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு “நாளையிலேருந்து வராதே” என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பிறகுதான் தண்டனை என்கிறது. குற்றம் உறுதியானால் வேலைநீக்கம் செய்யலாம், பதவி இறக்கலாம், அல்லது அதைவிடக் குறைந்த தண்டனை கொடுக்கலாம். சம்பளம் இல்லாமல் நிறுத்தி வைப்பதானால் 2 வாரத்துக்கு மேல் போகக் கூடாது.

விசாரணை முடியும் வரை உங்களை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. அதற்கு 1 வாரம்தான் எல்லை. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்தாக வேண்டும். விசாரணையில் குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்து வைத்த மீதிப் பாதியையும் கொடுக்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. “விசாரணைக்காக நிறுத்தினாங்க, சம்பளம் எப்படிக் கேக்குறது?” என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள். அது உங்கள் பணம்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் பயந்து ஒளிய வேண்டாம். பதில் கொடுக்காமலும் இருக்க வேண்டாம். குறித்த நாளுக்குள் பதில் எழுதுங்கள். மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் புரிந்தவரிடம் படிக்கக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். விசாரணை நாளில் மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். சங்கப் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் சாட்சியைக் கூப்பிடச் சொல்லுங்கள். எதிர்ச் சாட்சியிடம் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள். புகார் கொடுத்தவரே விசாரிக்கிறவராக உட்கார்ந்தால், அது சரியல்ல என்று அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். “இதுல ஒரு கையெழுத்துப் போடு, பிரச்சினை முடிஞ்சிரும்” என்று நீட்டும் தாளில் ‘நானாகவே வேலையை விட்டு விலகுகிறேன்’ என்று இருக்கலாம். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை நீதிமன்றம் வேலைநீக்கமாகவே கருதும் என்பது உண்மைதான். ஆனால் மிரட்டினார்கள் என்பதை நிரூபிக்கும் பாரம் பிறகு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. ஊரில் சாவு, சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தொடர்ந்து 2 வேலை நாட்களுக்கு மேல் வராமல் இருந்து, தக்க காரணமும் இல்லாமல், தகவல் சொல்ல முயற்சியும் செய்யாமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தை முறித்ததாகச் சட்டம் கருதுகிறது. கையில் போன் இல்லாதவர் இன்று யார்? ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போவது வேலையைக் காப்பாற்றும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

தோட்டத்தில் புல் வெட்டுவதிலும் மருந்து அடிப்பதிலும் உதிரிப் பழம் பொறுக்குவதிலும் பெண்கள் ஏராளம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வேலை. வேலை பிரித்துக் கொடுப்பவர் கையில் அதிகாரம். “நல்ல நிரை வேணுமா?” என்று கேட்கும் கேள்வியில் வேறு அர்த்தம் இருந்தால் அந்தப் பெண் யாரிடம் சொல்வாள்? வீட்டில் சொன்னால் புருஷன் அரிவாளைத் தூக்குவான். வெளியே சொன்னால் தன் பேரே கெடும் என்று பயம்.

தாய்மார்களே, தங்கைமார்களே! சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் கை படுவது மட்டும் அல்ல. விரும்பத்தகாத ஆபாசப் பேச்சு, சைகை, படம் காட்டுவது எல்லாம் அதில் அடங்கும். 2012-ஆம் ஆண்டிலிருந்து வேலைச் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. புகார் வந்தால் முதலாளி விசாரித்தே ஆக வேண்டும். விசாரிக்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் 30 நாளுக்குள் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் சரியில்லை என்று நினைத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். இலாகா உத்தரவிட்டால் முதலாளி விசாரித்து 30 நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். கடமை தவறிய முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 2023 ஜனவரி முதல், இது பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் பெரட்டுக் களத்திலோ ஆபிஸ் சுவரிலோ அது இருக்கிறதா என்று நாளைக் காலையே பாருங்கள்.

“வெறும் பேச்சுத்தானே” என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில். 2016-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மேலதிகாரி கைவைக்கவில்லை, ஆபாசமாகப் பேசினார், அவ்வளவுதான். புகார் கொடுத்த பெண் ஊழியருக்கு 120,000 வெள்ளி நட்ட ஈடு உறுதியாயிற்று. பாலியல் தொல்லைக்காக ஒருவர் நேரடியாக வழக்குப் போட்டு நட்ட ஈடு கேட்கலாம் என்று நாட்டின் உச்ச மன்றம் அன்று ஏற்றுக்கொண்டது.

இப்போது இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனி நடுவர் மன்றம் ஒன்று 2024 முதல் இயங்குகிறது. அங்கே வக்கீல் கிடையாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். ஊரார் கூடி வேடிக்கை பார்க்க முடியாது. 250,000 வெள்ளி வரை ஈட்டுத்தொகை கொடுக்கச் சொல்லவும், மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. அரிவாளைத் தூக்கும் கணவன்மார்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: அரிவாள் உங்களைச் சிறைக்கு அனுப்பும், புகார்க் கடிதம்தான் குற்றவாளியை வெளியே அனுப்பும்.

அறுபது நாளை மறக்காதீர்கள்

நியாயமான காரணம் இல்லாமல் வேலை நீக்கிவிட்டார்கள், மீண்டும் அந்த வேலை வேண்டும் என்றால், தொழிலாளர் இலாகாவுக்கு அல்ல, தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். இரண்டும் வேறு வேறு இலாகா. லேபர் ஆபிசில் பணப் பாக்கி வாங்கலாம்; வேலையைத் திரும்ப வாங்க முடியாது.

வேலை நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 61-ஆம் நாள் போனால் கதவு அடைத்துவிடும். இந்தச் சட்டத்தில் உள்ள காலக் கெடு கண்டிப்பானது என்று 1981-லேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நாள் தவறினால் பயன் இல்லை. “துரை மனசு மாறுவாரு, பொறுத்துப் பாப்போம்” என்று காத்திருந்து நாளைக் கடத்தாதீர்கள். பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். மனு மறுபக்கம் போகட்டும்.

மனு கொடுத்ததும் இலாகா அதிகாரி இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசுவார். ஒத்துவந்தால் அங்கேயே முடியும். ஒத்துவராவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பெல்லாம் அனுப்புவதா வேண்டாமா என்று மனிதவள அமைச்சர் முடிவு செய்தார். பல மனுக்கள் அந்த மேசையோடு நின்றன. 2021 ஜனவரி 1 முதல் அந்தத் தடை இல்லை. சமரசம் ஆகாத மனுவை இலாகாவே நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறது.

நீதிமன்றத்தில் என்ன நடக்கும்?

வேலைநீக்க வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத் தலைவர் ஒருவரே விசாரிப்பார். சட்டத்தின் இண்டு இடுக்குகளைப் பிடித்துத் தொங்காமல், நியாயம், மனச்சாட்சி, வழக்கின் உண்மைத் தன்மை ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று சட்டமே அதற்கு வழிகாட்டியிருக்கிறது. நீக்கியதற்குக் கம்பெனி சொல்லும் காரணம் உண்மைதானா, அது வேலையைப் பறிக்கும் அளவுக்குப் போதுமானதா என்பதே கேள்வி. நீக்கியதை ஒப்புக்கொண்டால், காரணத்தை நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது.

வென்றால் மீண்டும் வேலை கிடைக்கலாம். பல வழக்குகளில் உறவு முறிந்து போனதால் வேலைக்குப் பதில் ஈட்டுத்தொகையும் பின்சம்பளமும் கொடுக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பின்சம்பளம் 24 மாதத்துக்கு மேல் கிடையாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் கணக்குப் போட்டால் 24 மாதத்துக்கு 40,800 வெள்ளி வருகிறது. அதிலும் இடைக்காலத்தில் வேறு இடத்தில் சம்பாதித்ததையும், உங்கள் பக்கத்துத் தவற்றையும் பார்த்துக் குறைப்பார்கள்.

இங்கே நம் மக்கள் ஏமாறும் இடங்கள் மூன்றைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் விசாரணையே நடத்தவில்லை, அதனால் ஜெயித்துவிடுவோம் என்று நினைப்பது முதலாவது. விசாரணை நடத்தாதது தவறுதான். ஆனாலும் கம்பெனி நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கொண்டுவந்து குற்றத்தை அங்கே நிரூபிக்கலாம் என்று 1988 முதலே தீர்ப்பு இருக்கிறது.

போலீஸ் கேஸ் போடவில்லை, ஆகவே திருட்டுக் குற்றம் நிற்காது என்று நினைப்பது இரண்டாவது. கிரிமினல் கோர்ட்டில் வேண்டிய அளவு சாட்சியம் இங்கே தேவையில்லை. எது நடந்திருக்கக் கூடும் என்ற அளவு போதும்.

கோபத்தில் கத்தியையும் வாளியையும் வைத்துவிட்டுப் போவது மூன்றாவது. முதலாளி ஒப்பந்தத்தின் ஆணிவேரையே முறித்தால் மட்டுமே, நாமாக வெளியேறியதை வேலைநீக்கமாக நீதிமன்றம் ஏற்கும். ஒரு நாள் ஏசியதற்காகப் போய்விட்டால், “அவரே போனார்” என்று முடிந்துவிடும்.

நமக்குள்ளே சண்டை வந்தால்

எல்லாவற்றையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நிரைத் தகராறு, மங்கு கவிழ்த்த தகராறு, பெரட்டில் வந்த வாய்ச்சண்டை எல்லாம் கிளைத் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். அந்தக் காலத்துத் தோட்டங்களில் பஞ்சாயத்து இருந்தது. ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். நீதிமன்றத்தின் விதியும் அதுதான்.

ஆனால் அடிதடி, பாலியல் தொல்லை, மிரட்டல் ஆகியவற்றைக் கோயில் வாசலில் பேசி மூடிவிடக் கூடாது. அங்கே மூடி மறைப்பது பாதிக்கப்பட்டவரின் வாயைத்தான். அதே நேரத்தில், ஆகாதவர் மேல் பொய்ப் புகார் எழுதுவதும் பாவம். ஒரு பொய்ப் புகார் அடுத்து வரும் பத்து உண்மைப் புகார்களை நம்பாமல் செய்துவிடும்.

நம் பக்கத்து நிரையில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியரும் வேலை செய்கிறார்கள். நியாயமில்லாமல் நீக்கினால் மனுக் கொடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு. அவர்களை மிரட்டினால் நமக்கென்ன என்று இருக்க வேண்டாம். இன்று அவருக்கு விழும் அடி நாளை நமக்கும் விழும். அதே போல், தோட்டம் துண்டாடப்பட்டுத் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் இதே சட்டங்கள்தான், இதே 60 நாள்தான்.

ஆகவே, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்: தொழிலாளர் இலாகா, தொழிலியல் உறவு இலாகா, சங்கக் கிளை ஆகிய மூன்றின் முகவரியும் போன் எண்ணும். கீழே ‘60 நாள்’ என்று பெரிதாக எழுதிக் கோடு போடச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளையும் வேலை ஒப்பந்தத்தையும் அந்த நோட்டுக்குள்ளேயே வையுங்கள். அது தேவைப்படாமலே போனால் சந்தோஷம். தேவைப்படும் நாளில் அலமாரியைக் குடைந்து தேட உங்களுக்கு நேரம் இருக்காது.